அரையடி வித்தியாசம்: ஒரு ரெகுலேட்டரைச் சரிசெய்யப் போய் மார்ன் நதிக்கரைக்குப் போன கதை

போன மாசம் நண்பர் ஒருவரின் பட்டறையில் ஒரு பழைய ஸ்கூபா ரெகுலேட்டரைப் பிரிச்சுப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். நண்பர் டைவிங் கருவிகளை சர்வீஸ் செய்பவர். ரெகுலேட்டர் என்னுடையது, செகண்ட் ஹேண்டில் வாங்கினது. அதில் ஒரே ஒரு குறைதான். மூச்சை இழுத்தால் லேசில் வராது. கெட்டியான ஜிகர்தண்டாவை மெல்லிய ஸ்ட்ராவில் உறிஞ்சுற மாதிரி இருக்கும். தரையில் அது சும்மா எரிச்சல், அவ்வளவுதான். தண்ணிக்கு அடியில் அப்படி இல்லை.

அதைச் சரிசெய்யும்போது நண்பர் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை இந்தக் கட்டுரைக்குள் இழுத்துவிட்டது. "இதுக்கு மேல லூஸ் பண்ணாதீங்க சார். தலைகீழா போனா தானா கொட்டிடும்." ஏன் தலைகீழாகப் போனால் மட்டும் கொட்டணும்? அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போனா, அது 1943 ஜனவரியில் பாரிஸுக்கு வெளியே ஓடும் ஒரு நதியில் போய் நின்றது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ரெகுலேட்டர் என்னதான் செய்கிறது?

முதுகில் இருக்கும் சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்து வைக்கப்பட்டிருக்கு. அதை அப்படியே வாயில் வைக்க முடியாது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சுற்றியுள்ள அழுத்தம் ஒரு பார் கூடுகிறது. நெஞ்சுக்கூட்டை அந்தத் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ, அதே அளவு அழுத்தத்தில்தான் காற்று வாய்க்கு வர வேண்டும். கூடினாலும் தொந்தரவு, குறைந்தாலும் தொந்தரவு.

இதற்கு மனிதன் கண்டுபிடித்த வழி ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. ஒரு சின்ன டப்பா. அதன் ஒரு பக்கச் சுவர் மட்டும் ரப்பர் சவ்வு, அதாவது டயஃப்ரம். வெளியே தண்ணீர், உள்ளே காற்று. நீங்கள் மூச்சை இழுத்தால் உள்ளே அழுத்தம் குறையும், வெளியே உள்ள தண்ணீர் டயஃப்ரத்தை உள்ளே தள்ளும், அது ஒரு நெம்புகோலை அழுத்தும், வால்வு திறந்து காற்று வரும். இழுப்பதை நிறுத்தினால் டயஃப்ரம் பழைய இடத்துக்குப் போகும், வால்வு மூடும். விடும் மூச்சு இன்னொரு ரப்பர் வால்வு வழியாக வெளியே குமிழியாகப் போகும். எந்த ஆழத்துக்குப் போனாலும் தண்ணீரே அழுத்தத்தை அளந்து கொடுத்துவிடுகிறது.

டயஃப்ரம் ஒன்று, வெளிமூச்சு வால்வு ஒன்று. இந்த இரண்டு ரப்பர் துண்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கதையும் இவை இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

சுரங்கத்திலிருந்து கடலுக்கு

கேட்டால் மட்டும் காற்று கொடுக்கும் வால்வை கூஸ்தோ கண்டுபிடித்தார் என்றுதான் நிறையப் பேர் நினைச்சிட்டிருக்காங்க. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அது பிரான்ஸில் இருந்திருக்கிறது.

பெனுவா ரூக்கேரோல் ஒரு சுரங்கப் பொறியாளர். விஷவாயுவும் வெள்ளமும் புகுந்த சுரங்கங்களில் ஆட்கள் மூச்சு விடுவதற்காக 1860-இல் ஒரு ரெகுலேட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு ஒகுஸ்த் தெனேரூஸ் என்ற கடற்படை அதிகாரி சேர்ந்துகொள்ள, 1864-இல் அது நீர்மூழ்கிக் கருவியாக மாறியது. முதுகில் ஓர் இரும்புக் கலம், அதன் மேல் ரப்பர் சவ்வு வைத்த ஓர் அறை, வாய்க்கு ஒரு குழாய். அன்றைக்கே தத்துவம் முழுசா இருந்தது. ஜூல்ஸ் வெர்ன் தன் கடலடி நாவலில் கேப்டன் நீமோவின் ஆட்களுக்கு மாட்டிவிட்ட கருவி இதன் மேம்பட்ட வடிவம்தான். ரூக்கேரோல், தெனேரூஸ் இருவர் பெயரையும் நாவலிலேயே சொல்லிவிடுகிறார்.

அப்புறம் ஏன் அது நிலைக்கவில்லை? இரும்புக் கலம் தாங்கிய அழுத்தம் குறைவு. உள்ளே இருந்த காற்று சில நிமிடங்களுக்குத்தான் காணும். மற்றபடி மேலே படகில் இருந்து பம்ப் அடித்துக் குழாய் வழியாகத்தான் காற்று வரணும். குழாய் எப்படியும் வேணும் என்றால், பழகிப்போன செம்புத் தலைக்கவசமே போதுமே என்று தொழிலில் இருந்தவர்கள் நினைத்திருக்கலாம்.

1930-களில் நிலைமை தலைகீழ். உயர் அழுத்த சிலிண்டர்கள் வந்துவிட்டன. ஈவ் லெ ப்ரியர் என்ற கடற்படை அதிகாரி 1933-இல் சிலிண்டரை உடம்பில் கட்டிக்கொண்டு குழாய் இல்லாமல் மூழ்கும் கருவியைச் செய்தார். ஆனால் அதில் கேட்டால் கொடுக்கும் வால்வு இல்லை. வால்வைக் கையால் திறந்துவிடணும், காற்று ஓடிக்கொண்டே இருக்கும். பாதி வீணாகப் போகும். ஒரு காலத்தில் வால்வு இருந்தது, சிலிண்டர் இல்லை. இன்னொரு காலத்தில் சிலிண்டர் இருந்தது, வால்வை மறந்துவிட்டார்கள்.

பெட்ரோல் இல்லாத பாரிஸ்

1942 டிசம்பர். பிரான்ஸ் முழுவதும் ஜெர்மனியின் பிடியில். சில வாரங்களுக்கு முன்புதான் பிரெஞ்சுக் கடற்படை தூலோன் துறைமுகத்தில் தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்திருந்தது. பெட்ரோல் கிடைக்காது. கார்களை எரிவாயுவில் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

எமில் கன்யான் ஏர் லிகீட் என்ற வாயுக் கம்பெனியில் பொறியாளர். இன்ஜின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு வாயுவை மட்டும் கொடுக்கும் ஒரு வால்வை அவர் செய்து வைத்திருந்தார். பேக்கலைட்டில் செய்த ஒரு சின்னச் சாமான். கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோ தானாகக் காற்று கொடுக்கும் வால்வைத் தேடிக்கொண்டிருந்தார். கூஸ்தோவின் மாமனார் ஹென்றி மெல்கியோர் அதே கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். அவர் மூலமாக இருவரும் சந்தித்தார்கள். கூஸ்தோ தனக்கு வேண்டியதை விளக்க, கன்யான் அந்தப் பேக்கலைட் சாமானை எடுத்துக் காட்டினார். யோசித்துப் பார்த்தால் கார் இன்ஜினும் நுரையீரலும் அந்த வால்வுக்கு ஒன்றுதான். இரண்டும் இழுக்கின்றன, அது கொடுக்கணும்.

சில வாரங்களில் முதல் மாதிரி தயார். ஜனவரிக் குளிரில் இருவரும் அதை எடுத்துக்கொண்டு மார்ன் நதிக்குப் போனார்கள். கூஸ்தோ தண்ணீரில் இறங்கினார், கன்யான் கரையில் நின்றார்.

படுக்கைவாட்டில் நீந்தும்போது காற்று அருமையாக வந்தது. நிமிர்ந்து நின்றால் கேட்காமலேயே கொட்டியது, குமிழ்களாக வீணானது. தலைகீழாகப் போனால் இழுக்க இழுக்க வரவில்லை. அதே கருவி, அதே ஆழம், அதே ஆள். மாறியது உடம்பு இருந்த கோணம் மட்டும்தான். ஏமாற்றத்தோடு பாரிஸுக்குத் திரும்பினார்கள்.

காரில் வரும் வழியிலேயே காரணம் பிடிபட்டுவிட்டது. இதை கூஸ்தோ தன் 'மௌன உலகம்' புத்தகத்தில் எழுதியிருக்கிறார். நிமிர்ந்து நிற்கும்போது மூச்சு வெளியேறும் இடம், காற்று உள்ளே வரும் இடத்தைவிட ஆறு அங்குலம் மேலே இருந்தது. தலைகீழானால் ஆறு அங்குலம் கீழே. படுத்தால் இரண்டும் ஒரே மட்டம்.

அரையடி தண்ணீர் என்ன செய்யும்?

நான் இந்த இடத்தில் நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 மீட்டர் தண்ணீருக்கு ஒரு பார் என்றால், ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிபார். ஆறு அங்குலம் என்பது 15 செ.மீ., அதாவது 15 மில்லிபார். கேட்கவே சிரிப்பா இருக்கும். சிலிண்டரில் இருப்பது 200 பார், அதாவது இரண்டு லட்சம் மில்லிபார். அதில் 15 எந்த மூலைக்கு?

ஆனால் இங்கே அளவுகோல் சிலிண்டர் இல்லை, நெஞ்சுக்கூடு. சும்மா உட்கார்ந்து மூச்சு இழுக்கும்போது நாம் உண்டாக்கும் அழுத்தக் குறைவே சில செ.மீ. தண்ணீர் உயரம்தான். அதற்கு மசியும் அளவுக்கு மென்மையாகத்தான் வால்வை வைத்தாகணும். அப்படி வைத்தால் 15 செ.மீ. தண்ணீருக்கு முன் அது எதுவுமே செய்ய முடியாது.

நடந்தது இதுதான். டப்பாவுக்குள் இருக்கும் காற்று வெளிமூச்சு வால்வு வழியாகத் தப்பிக்கலாம். அந்த வால்வு மேலே இருந்தால், அங்கே தண்ணீர் அழுத்தம் குறைவு. உள்ளே உள்ள காற்று அந்தக் குறைந்த அழுத்தத்துக்கு இறங்கும்வரை வெளியேறும். கீழே இருக்கும் டயஃப்ரத்தின் மேல் தண்ணீர் அதைவிட 15 மில்லிபார் கூடுதலாக அழுத்துகிறது. யாரோ மூச்சை இழுக்கிறார்கள் என்று டயஃப்ரம் நினைத்துக்கொள்கிறது. வால்வு திறக்கிறது, காற்று கொட்டுகிறது, கொட்டியது மேலே வெளியேறுகிறது, மறுபடி திறக்கிறது. தலைகீழானால் இதற்கு நேர் எதிர். வெளிமூச்சு வால்வு ஆழத்தில் இருப்பதால் உள்ளே அழுத்தம் கூடுதலாகவே தங்கிவிடும். அதை முதலில் 15 செ.மீ. அளவுக்கு உறிஞ்சித் தீர்த்த பிறகுதான் டயஃப்ரம் அசையவே ஆரம்பிக்கும்.

தீர்வு ஒரே வரி. வெளிமூச்சு வால்வை டயஃப்ரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வை. உடம்பு எப்படிப் புரண்டாலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்கும். மாற்றியமைத்த கருவியை பாரிஸில் ஒரு தண்ணீர்த் தொட்டியில் சோதித்தார்கள். நின்றாலும் புரண்டாலும் காற்று சீராக வந்தது. 1943-இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அந்த ஜூனில் கூஸ்தோ மத்தியதரைக் கடலில் அதை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

பழைய கூஸ்தோ படங்களில் வாயின் இரண்டு பக்கமும் இரண்டு நெளிகுழாய்கள் முதுகுக்குப் போகும், பார்த்திருப்பீங்க. காற்று வருவதற்கு ஒரு குழாய் சரி. விடும் மூச்சை வாய்ப்பக்கமே விட்டுவிடலாமே, அதை எதற்கு முதுகு வரைக்கும் கொண்டுபோகணும்? இதற்காகத்தான். டயஃப்ரம் முதுகில் இருப்பதால் வெளிமூச்சும் அங்கேயே போய்த்தான் வெளியேற வேண்டும்.

தீராத பாக்கி

பிரச்சினை முழுசாகத் தீர்ந்துவிடவில்லை. டயஃப்ரமும் வெளிமூச்சு வால்வும் ஒன்று சேர்ந்துவிட்டன. ஆனால் இரண்டும் சேர்ந்து நுரையீரலை விட்டுத் தள்ளி, முதுகில் உட்கார்ந்திருக்கின்றன. குப்புற நீந்தும்போது ரெகுலேட்டர் நுரையீரலுக்கு மேலே. அங்கே அழுத்தம் குறைவு, அதனால் கொஞ்சம் உறிஞ்ச வேண்டியிருக்கும். மல்லாந்தால் ரெகுலேட்டர் கீழே போய்விடும், காற்று வாய்க்குள் தள்ளிக்கொண்டு வரும். அந்தக் காலத்து டைவர்கள் இதையே ஒரு வித்தையாகப் பயன்படுத்தினார்கள். மவுத்பீஸைத் தலைக்கு மேலே தூக்கினால் காற்று தானாகக் கொட்டும், குழாயில் புகுந்த தண்ணீர் வெளியேறிவிடும்.

1950-களில் இதற்கு இரண்டு விதமான வைத்தியம் நடந்தது. பிரான்ஸில் வந்த மிஸ்ட்ரால் ரெகுலேட்டரில், வால்விலிருந்து வரும் காற்றை நேராகக் குழாய்க்குள் பீய்ச்சினார்கள். அந்தப் பீச்சு, போகும் வழியில் டப்பாவில் உள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். டயஃப்ரம் உள்ளே இழுபட்டு நிற்கும். மூச்சைத் தொடங்குவது மட்டும் நம் வேலை, தொடர்வதைக் காற்றே பார்த்துக்கொள்ளும். இன்றைய ரெகுலேட்டர்களிலும் வெஞ்சுரி என்ற பெயரில் இது இருக்கு.

இன்னொரு வைத்தியம் மெல்போர்னில் நடந்தது. டெட் எல்ட்ரட் என்ற ஆஸ்திரேலியர் டயஃப்ரத்தையும் வெளிமூச்சு வால்வையும் முதுகிலிருந்து கழற்றி வாய்க்கே கொண்டுவந்துவிட்டார். சிலிண்டரின் தலையில் ஒரு வால்வு 200 பாரை நடுத்தர அழுத்தத்துக்கு இறக்கும். அங்கிருந்து ஒரே ஒரு மெல்லிய குழாய் வாய்க்கு வரும். வாய்ப்பக்கம் இருக்கும் டப்பா மீதியைப் பார்த்துக்கொள்ளும். 1952-இல் போர்பஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று உலகம் முழுக்க டைவர்கள் வாயில் இருப்பது இந்த ஏற்பாடுதான். முதல் பாதிக்கு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், வாயில் இருப்பதற்கு செகண்ட் ஸ்டேஜ் என்று பெயர். எல்ட்ரட்டின் கம்பெனியைப் பிறகு ஏர் லிகீட்டே வாங்கிக்கொண்டது.

மறுபடி பட்டறைக்கு

இப்போ என் ரெகுலேட்டருக்கு வருவோம். மூச்சு இழுக்கக் கஷ்டமா இருந்தால் நண்பர் பார்க்கும் வரிசை இது. முதலில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து வரும் இடை அழுத்தத்தை அளப்பார். பெரும்பாலான ரெகுலேட்டர்களில் 9 முதல் 10 பார் வரைக்கும் இருக்கணும். மெதுவாக இழுத்தால் சரி, வேகமாக இழுத்தால் முள் சடாரென விழுகிறது என்றால் வாயிலில் இருக்கும் சல்லடை அடைத்திருக்கலாம். பச்சை பூத்திருந்தால் உப்புத் தண்ணீர் புகுந்திருக்கிறது. முள் விழாமல், நேரம் ஆக ஆக மெல்ல ஏறிக்கொண்டே போனால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் சீட் தேய்ந்திருக்கிறது. அப்போது செகண்ட் ஸ்டேஜ் ஒழுகும். அதைத் திருகி இறுக்கி ஒழுகலை நிறுத்துபவர்கள் உண்டு. ஒழுகல் நிற்கும், மூச்சும் கூடவே இறுகிவிடும். நோய் ஒரு இடத்தில், மருந்து இன்னொரு இடத்தில். என் ரெகுலேட்டருக்கு யாரோ செய்திருந்தது இதைத்தான்.

சீட்டை மாற்றினார். இனி செகண்ட் ஸ்டேஜை எவ்வளவு மென்மையாக வைக்கலாம்? அதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை, ஒரு வாளித் தண்ணீர் போதும். காற்று இணைத்த செகண்ட் ஸ்டேஜை, மவுத்பீஸ் மேலே வானத்தைப் பார்க்க, டயஃப்ரம் கீழே பார்க்கப் பிடித்து மெல்லத் தண்ணீரில் இறக்க வேண்டும். ஸ்ஸ்ஸ் என்று காற்று வர ஆரம்பிக்கும் நொடியில் நிறுத்தி, தண்ணீர் மட்டத்திலிருந்து டயஃப்ரம் எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது என்று பாருங்கள். வால்வைத் திறக்கத் தேவையான உறிஞ்சல் அதுதான். என்னுடையது ஆரம்பத்தில் 5 செ.மீ.க்கு மேல் காட்டியது. மூணு செ.மீ. பக்கம் இருந்தாலே சுகமாக இருக்கும்.

எனக்குப் பேராசை. திருகித் திருகி ஒன்றரை செ.மீ.க்குக் கொண்டுவந்தேன். நினைத்தாலே காற்று வந்தது. அப்போதுதான் நண்பர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். நான் நம்பவில்லை. "இருங்க, காட்டுறேன்" என்று மவுத்பீஸைக் கட்டைவிரலால் அடைத்து, முழுசாக வாளிக்குள் முக்கி, தாடைப்பக்கம் மேலே வருமாறு திருப்பினார். குபுகுபு என்று குமிழி. நிற்கவே இல்லை. நேராகத் திருப்பினார், நின்றது.

செகண்ட் ஸ்டேஜில் வெளிமூச்சு வால்வு தாடைப்பக்கம் இருக்கிறது, டயஃப்ரம் முன்பக்கம் நடுவில். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ. தூரம். தலைகீழானால் வெளிமூச்சு வால்வு அந்த அளவுக்கு மேலே போய்விடும். அந்த வித்தியாசத்தைவிட மென்மையாக வால்வை வைத்தால் அது தானாகத் திறக்கும். மார்ன் நதியில் 15 செ.மீ.யாக இருந்த அதே தப்பு, என் வாளியில் இரண்டு செ.மீ.யாகச் சுருங்கி இன்னும் உயிரோடு இருந்தது. எவ்வளவு திறமையான மெக்கானிக்காக இருந்தாலும் திருகாணியால் இதைத் தாண்ட முடியாது. டப்பாவின் வடிவத்தை மாற்றினால்தான் முடியும். 1980-களில் ஸ்கூபாப்ரோ அதைச் செய்தும் பார்த்தது. அவர்களுடைய டி வரிசை ரெகுலேட்டர்களில் வெளிமூச்சு வால்வை டயஃப்ரத்தின் நட்ட நடுவிலேயே வைத்தார்கள். கன்யானும் கூஸ்தோவும் காரில் போட்ட முடிவின் கடைசிப் புள்ளி அது. அதற்கு மேல் பக்கத்தில் வைக்க இடமே இல்லை.

ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

ஆமாம். 30 மீட்டர் ஆழத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. குழாய்களுக்குள்ளும் நம் மூச்சுக்குழாய்க்குள்ளும் அதை நகர்த்துவதே உழைப்பு. ரெகுலேட்டரும் இறுக்கமாக இருந்தால் டைவர் தன்னை அறியாமல் மூச்சைக் குறைத்துக்கொள்வார். கரியமில வாயு உடம்பில் சேரும். தலைவலி, படபடப்பு, பிறகு காற்று போதவில்லை என்ற பீதி. சிலிண்டரில் காற்று இருக்கும்போதே ஆட்கள் மேலே பாய்வது இப்படியும் நடக்கிறது. அதனால்தான் ஐரோப்பியத் தரம் ஈஎன் 250, ரெகுலேட்டரை 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் மூச்சில் வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. ஒரு லிட்டருக்கு 3 ஜூலுக்கு மேல் உழைப்பு ஆகக்கூடாது, உறிஞ்சல் 25 மில்லிபாரைத் தாண்டக்கூடாது. ரொம்ப லூசாக இருந்தாலும் ஆபத்துதான். ஆழத்தில் தானாகக் கொட்ட ஆரம்பித்தால் சிலிண்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலியாகும்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் ரெகுலேட்டரைப் பிரிக்க வேண்டாம். நான் பிரித்தது பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருந்ததால்தான்.

கூஸ்தோவை உலகத்துக்கே தெரியும். 'மௌன உலகம்' படம் 1956-இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வாங்கியது. கன்யான் 1947-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, மான்ட்ரியலில் அதே கம்பெனியின் கிளையில் கருவிகள் வடிவமைத்துக்கொண்டிருந்தார். 1984-இல் இறந்தார். ரெகுலேட்டரைப் பற்றிப் பேச வந்தவர்களில் பெரும்பாலோர் கூஸ்தோவிடம்தான் போனார்கள்.

என் ரெகுலேட்டர் இப்போது மூணு செ.மீ.யில் இருக்கு. தலைகீழாகத் திருப்பினாலும் குமிழி வருவதில்லை. நண்பர் கூலி வாங்கவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். அடுத்த பதிவில் ரூக்கேரோலையும் அவர் வேலை பார்த்த சுரங்கங்களையும் பற்றி எழுத ஆசை. அங்கேயும் கதை காற்றில்தான் ஆரம்பிக்கிறது.